ஷெல், விம் செட்டிங்ஸ்: எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

டீமில் புதிதாகச் சேருகிறவர்கள் லினக்ஸ் மெஷின் கைக்கு வந்த முதல் வாரத்திலேயே கிட்டத்தட்ட ஒரே மாதிரி சந்தேகங்களோடு வருகிறார்கள். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் இங்கே தொகுத்துவிட்டேன். உபுண்டு லினக்ஸ், பாஷ் ஷெல் (நாம் அடிக்கும் கமாண்டுகளை வாங்கி ஓட்டும் நிரல்), விம் எடிட்டர் இந்த மூன்றையும் வைத்துத்தான் சொல்கிறேன். மேக் வைத்திருப்பவர்களுக்கு வேறுபடும் இடத்தில் குறிப்பிடுகிறேன். கமாண்டுகளையும் ஃபைல் பெயர்களையும் நாம் வாயால் சொல்லிக்கொள்வது போலவே தமிழில் எழுதியிருக்கிறேன், அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, இந்த பாஷ்ஆர்சி ஃபைல் எங்க இருக்கு? ஃபோல்டர்ல தேடினா கிடைக்கவே இல்லை.

பாஷ் ஆரம்பிக்கும்போது படிக்கும் அந்த செட்டிங்ஸ் ஃபைல் உங்கள் ஹோம் ஃபோல்டரில்தான் இருக்கிறது. பெயர் புள்ளியில் ஆரம்பிப்பதால் ஒளிந்துகொண்டிருக்கிறது. டெர்மினலில் எல்எஸ்ஸோடு மைனஸ் ஏ சேர்த்து அடியுங்கள், அல்லது ஃபைல் மேனேஜரில் கன்ட்ரோல் + ஹெச் அழுத்துங்கள், தெரியும். இந்த ஒளியும் வசதியை யாரும் யோசித்து வடிவமைக்கவில்லை என்று யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் சொல்லியிருக்கிறார். ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்ற இரண்டு ஃபோல்டர் குறிகளை மட்டும் எல்எஸ் காட்டாமல் இருக்கவேண்டும் என்று நினைத்தவர்கள், சோம்பலில் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்துவிட்டார்கள். அதுதான் இன்றுவரை ஓடுகிறது.

கை வைக்கும் முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். கீழே பாதிக் கேள்விகளுக்கு அதுவே பதில்.

நான் எழுதின வரி சேவ் ஆயிருக்கு, ஆனா எதுவுமே மாறலையே?

ஏற்கனவே திறந்திருக்கும் ஷெல், ஆரம்பிக்கும்போது ஒரே ஒருமுறைதான் அந்த ஃபைலைப் படிக்கும். புது டெர்மினல் திறங்கள், இல்லையென்றால் சோர்ஸ் என்று அடித்து ஃபைல் பெயரைக் கொடுங்கள்.

ஆனால் சோர்ஸ் என்பது ஃபைலில் இருப்பதை மறுபடி ஓட்டுவது மட்டும்தான், பழையதைத் துடைக்காது. ஒரு ஏலியாஸை (கமாண்டுக்கு நாம் வைக்கும் சுருக்கப் பெயர்) ஃபைலிலிருந்து நீக்கிவிட்டு சோர்ஸ் செய்தால் அது இந்த ஷெல்லில் அப்படியே உயிரோடு இருக்கும், அனேலியாஸ் அடித்தால்தான் போகும். அதேபோல பாத்தில் (நிரல்களை எந்த ஃபோல்டர்களில் தேடவேண்டும் என்ற பட்டியல்) ஏதாவது சேர்க்கிற வரி இருந்தால், ஒவ்வொரு சோர்ஸுக்கும் அது இன்னொரு முறை ஒட்டிக்கொண்டே போகும். குழப்பமாக இருக்கிறதென்றால் விண்டோவை மூடிவிட்டுப் புதிதாகத் திறப்பதே நல்லது.

பாஷ்ஆர்சி, ப்ரொஃபைல், பாஷ் ப்ரொஃபைல்னு மூணு இருக்கே, எதுல எழுதணும்?

இது ஒன்று புரிந்துவிட்டால் மற்ற எல்லாமே சுலபம், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பாஷ் இரண்டு விதமாக ஆரம்பிக்கும். எஸ்எஸ்ஹெச் (இன்னொரு மெஷினுக்குள் தூரத்திலிருந்து நுழையும் வழி) வழியாகவோ டெஸ்க்டாப் இல்லாத கறுப்புத் திரையிலோ பெயர், பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே வந்தால் அது லாகின் ஷெல். உபுண்டுவில் டெஸ்க்டாப்புக்குள் டெர்மினல் ஐகானைத் தட்டினால் வருவது லாகின் இல்லாத சாதாரண ஷெல். லாகின் ஷெல் முதலில் பாஷ் ப்ரொஃபைலைத் தேடும், இல்லையென்றால் பாஷ் லாகின், அதுவும் இல்லையென்றால் ப்ரொஃபைல், இதில் முதலில் கிடைக்கிற ஒன்றை மட்டும் படித்துவிட்டு நின்றுவிடும். சாதாரண ஷெல் இந்த மூன்றையும் தொடாது, பாஷ்ஆர்சியை மட்டும் படிக்கும்.

அப்படியென்றால் எஸ்எஸ்ஹெச்சில் வந்தால் பாஷ்ஆர்சி ஏன் வேலை செய்கிறது? உபுண்டு கொடுக்கும் ப்ரொஃபைல் ஃபைலுக்குள்ளேயே பாஷ்ஆர்சியை அழைக்கும் வரி இருக்கிறது, அதனால்தான். இங்கே ஒரு பொறி உண்டு. ஏதாவது மென்பொருளை நிறுவும்போது அது பாஷ் ப்ரொஃபைல் என்று புதிதாக ஒரு ஃபைல் உண்டாக்கிவிட்டால், அன்றிலிருந்து ப்ரொஃபைலை யாரும் படிக்கமாட்டார்கள், பாஷ்ஆர்சியும் சேர்ந்து போய்விடும், எந்த எச்சரிக்கையும் வராது. எஸ்எஸ்ஹெச்சில் திடீரென்று எல்லா ஏலியாஸும் காணாமல் போனால் முதலில் இதைப் பாருங்கள்.

என் வழக்கம்: பாத், எடிட்டர் போன்ற என்விரான்மென்ட் வேரியபிள்கள் ப்ரொஃபைலில், ஏலியாஸ், ப்ராம்ப்ட் (கமாண்ட் அடிக்கும் இடத்துக்கு முன்னால் வரும் வரி), ஹிஸ்டரி எல்லாம் பாஷ்ஆர்சியில். மேக்கில் 2019இல் வந்த கேட்டலினா முதல் புது யூசருக்கு பாஷ் இல்லை, ஜீஷெல் என்ற இன்னொரு ஷெல்தான், அங்கே ஜீஷெல்ஆர்சியில் எழுதிவிட்டால் போதும், லாகினோ இல்லையோ, நீங்கள் உட்கார்ந்து டைப் செய்யும் எல்லா ஷெல்லும் அதைப் படிக்கும். மேக்கோடு வரும் பாஷ் இன்னும் 3.2தான். அதற்குப் பிந்தைய பாஷ் ஜிபிஎல் 3 உரிமத்துக்கு மாறிவிட்டது, ஆப்பிள் அதைத் தொடுவதில்லை.

சார், கையால ஓட்டினா ஸ்கிரிப்ட் ஓடுது, க்ரான்ல போட்டா மட்டும் கமாண்ட் நாட் ஃபவுண்ட்னு வருது.

க்ரான் என்பது குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் நிரல், மேலே சொன்ன ஃபைல்கள் எதையும் அது படிப்பதில்லை. அது கொடுக்கும் பாத்தில் சாதாரணமாக யூஎஸ்ஆர் பின், பின் என்ற இரண்டு ஃபோல்டர்தான் இருக்கும், ஓட்டுவதும் பாஷ் இல்லை, எஸ்ஹெச். உபுண்டுவில் 6.10 பதிப்பிலிருந்து, அதாவது 2006 முதல், எஸ்ஹெச் என்றால் டாஷ். பாஷில் இருக்கிற இரட்டைச் சதுர அடைப்பு டாஷுக்குத் தெரியாது.

ஸ்கிரிப்டின் தலையிலேயே பாஷ் என்று குறிப்பிட்டு, வேண்டிய பாத்தையும் அங்கேயே எழுதிவிடுங்கள். ஸ்கிரிப்டுக்குள் பாஷ்ஆர்சியை சோர்ஸ் செய்கிறேன் என்று சிலர் கிளம்புவார்கள், அதுவும் பலிக்காது, ஏனென்றால் உபுண்டுவின் பாஷ்ஆர்சியில் முதல் சில வரிகளிலேயே ‘ஆள் உட்கார்ந்து டைப் செய்கிற ஷெல் இல்லையென்றால் இத்தோடு திரும்பிப் போ’ என்று ஒரு காவல் வரி இருக்கிறது.

ஐயோ, பாத்தை மாத்தினேன், இப்போ எல்எஸ் கூட வேலை செய்யலை! என்ன பண்றது?

முதலில் அந்த விண்டோவை மூடாதீர்கள். பாத் என்று பெரிய எழுத்தில் அடித்து, சமக்குறி போட்டு, /யூஎஸ்ஆர்/பின்:/பின் என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். நடுவில் இடைவெளி எங்கேயும் விடவேண்டாம். எல்எஸ், நேனோ எடிட்டர் எல்லாம் திரும்பி வந்துவிடும். இது இந்த ஷெல்லுக்கு மட்டும்தான், அதற்குள் ஃபைலைத் திறந்து தவறைச் சரி செய்யுங்கள்.

தவறு அநேகமாக ஒன்றுதான். புது ஃபோல்டரை எழுதிவிட்டு, அதோடு டாலர் குறி போட்ட பழைய பாத்தைச் சேர்க்க மறந்திருப்பீர்கள். பழையது போய்விட்டதால் எந்த நிரல் எங்கே இருக்கிறது என்று ஷெல்லுக்குத் தெரியாது. சிடி, எக்கோ போன்றவை மட்டும் அப்போதும் வேலை செய்யும், அவை ஷெல்லுக்குள்ளேயே இருப்பவை.

சர்வரில் இந்த மாதிரி வேலை செய்யும்போது இரண்டு எஸ்எஸ்ஹெச் விண்டோ திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மாற்றிவிட்டு, மூன்றாவதாக ஒன்றைத் திறந்து உள்ளே வர முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதை மூடவேண்டும்.

பாஷ்ஆர்சில ஒரு வெல்கம் மெசேஜ் போட்டேன், அதுக்கப்புறம் அந்த மெஷினுக்கு எஸ்சிபி போகவே மாட்டேங்குது. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. எஸ்எஸ்ஹெச் சர்வர் பாஷை அழைக்கும்போது, டைப் செய்ய ஆள் இல்லாவிட்டாலும் பாஷ் தன் ஆர்சி ஃபைலைப் படித்துவிடும். ஃபைல் அனுப்பும் நிரல் அந்தப் பக்கத்திலிருந்து தன் நெறிமுறைப்படி பதில் வரும் என்று காத்திருக்க, முதலில் வந்து சேர்வது உங்கள் ‘வணக்கம், இனிய நாள்’. அது குழம்பி நின்றுவிடுகிறது.

க்ரான் பதிலில் சொன்ன காவல் வரிக்குக் கீழே அந்த மெசேஜை நகர்த்துங்கள். காவல் வரியையே யாரோ நீக்கியிருந்தால் திரும்பப் போடுங்கள்.

ஏலியாஸ்ல ஃபைல் பேரை நடுவுல குடுக்க முடியுமா?

முடியாது. ஏலியாஸ் என்பது வெறும் எழுத்து மாற்றம், நீங்கள் அடித்த மற்ற சொற்கள் எல்லாம் கடைசியில்தான் போய் ஒட்டும். நடுவில் வேண்டும் என்றால் ஃபங்க்ஷன் எழுதுங்கள், அதில் டாலர் 1, டாலர் 2 என்று வேண்டிய இடத்தில் வைக்கலாம். ஃபோல்டர் உண்டாக்கி உடனே அதற்குள் போகிற ஒரு ஃபங்க்ஷன் எல்லாரும் முதலில் எழுதுவது: எம்கேடிர் டாலர் 1, பிறகு சிடி டாலர் 1, அவ்வளவுதான். டாலர் 1ஐ இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள், இல்லையென்றால் பெயரில் இடைவெளி உள்ள ஃபோல்டரில் மாட்டிக்கொள்வீர்கள்.

இதையே தனி ஸ்கிரிப்டாக எழுதினால் வேலை செய்யாது. ஸ்கிரிப்ட் ஒரு குழந்தை ஷெல்லில் ஓடுகிறது, அது ஃபோல்டர் மாறி, முடிந்து, மறைந்துவிடும், நீங்கள் இருந்த இடத்திலேயே இருப்பீர்கள்.

சூடோ போட்டா என் ஏலியாஸ் எதுவும் எடுக்கலை, ஏன்?

பாஷ் கமாண்டின் முதல் சொல்லை மட்டும்தான் ஏலியாஸா என்று பார்க்கும், அங்கே இருப்பது சூடோ, அதாவது அட்மின் அதிகாரத்தோடு ஓட்டச் சொல்லும் கமாண்ட். வழி ஒன்று உண்டு, கொஞ்சம் விசித்திரமானது. சூடோவுக்கே சூடோ என்று ஒரு ஏலியாஸ் எழுதி, அதன் கடைசியில் ஓர் இடைவெளி விடுங்கள். ஏலியாஸ் இடைவெளியில் முடிந்தால் அடுத்த சொல்லையும் பார்க்கவேண்டும் என்று பாஷில் விதி இருக்கிறது. பார்க்கத் தப்பு போல இருக்கும், வேலை செய்யும். ஃபங்க்ஷனுக்கு இது பொருந்தாது.

ஆர்எம்முக்கு மைனஸ் ஐ போட்டு ஏலியாஸ் வச்சா பாதுகாப்புதானே?

எனக்குப் பிடிக்காது. அழிக்கும் முன் கேட்கும் என்ற நம்பிக்கை கையில் ஊறிவிடும், பிறகு அந்த ஏலியாஸ் இல்லாத சர்வரில் அதே கை அதே வேகத்தில் அடிக்கும். கேட்டே ஆகவேண்டும் என்றால் வேறு பெயரில் வையுங்கள்.

ப்ராம்ப்ட்டுக்கு கலர் குடுத்தேன், நீளமா அடிச்சா வரி சுத்தி வந்து அதே வரி மேலயே எழுதுது.

கலர் குறியீடுகள் திரையில் இடம் எடுக்காதவை, ஆனால் பாஷுக்கு அது தெரியாது, அவற்றையும் எழுத்துகளாக எண்ணிக்கொண்டு வரி எங்கே முடிகிறது என்பதில் தப்பாகக் கணக்குப் போடுகிறது. பிஎஸ்1 வரியில் ஒவ்வொரு கலர் குறியீட்டுக்கும் முன்னால் பின்சாய்கோடும் திறக்கும் சதுர அடைப்பும், பின்னால் பின்சாய்கோடும் மூடும் சதுர அடைப்பும் போடுங்கள். ஜீஷெல்லில் அதே வேலைக்கு சதவீதக் குறியும் நெளிவு அடைப்பும்.

நேத்து அடிச்ச கமாண்ட் ஹிஸ்டரில இல்லை. ரெண்டு டெர்மினல் வச்சிருந்தா ஒண்ணுதான் சேவ் ஆகுமா?

பாஷ் ஷெல்லை மூடும்போதுதான் ஹிஸ்டரியை ஃபைலில் எழுதும். ஹிஸ்ட்அப்பெண்ட் என்ற ஆப்ஷன் இல்லாத இடங்களில் கடைசியாக மூடிய ஷெல் மற்றதன் மேல் எழுதிவிடக்கூடும். உபுண்டுவின் பாஷ்ஆர்சியில் அது ஏற்கனவே போட்டிருக்கும். ஆனாலும் மின்சாரம் போய் மெஷின் அணைந்தால் மூடாத ஷெல்லின் ஹிஸ்டரி போனதுதான். ஒவ்வொரு கமாண்டுக்கும் உடனே எழுத வைக்க, ப்ராம்ப்ட் கமாண்ட் என்ற வேரியபிளில் ஹிஸ்டரி மைனஸ் ஏ என்று கொடுங்கள்.

அளவும் பாருங்கள். உபுண்டுவில் நினைவில் 1000, ஃபைலில் 2000 வரிதான், நான் இரண்டையும் 1,00,000 ஆக்கி வைத்திருக்கிறேன், கன்ட்ரோல் + ஆர் அடித்துப் பழைய கமாண்டைப் பிடிப்பதுபோல சுகம் வேறில்லை. இன்னொன்று: உபுண்டுவில் முதலில் ஓர் இடைவெளி விட்டு அடிக்கிற கமாண்ட் ஹிஸ்டரியில் ஏறாது. பாஸ்வேர்டை கமாண்டில் அடிக்கவே கூடாது, அடித்தே தீரவேண்டிய நாளில் அந்த இடைவெளியாவது விடுங்கள்.

விம்ல கன்ட்ரோல் எஸ் அழுத்தினேன், ஹேங் ஆயிடுச்சு!

ஹேங் ஆகவில்லை, டெர்மினல் எழுதுவதை நிறுத்தி வைத்திருக்கிறது. கன்ட்ரோல் + க்யூ அழுத்துங்கள். இது அச்சிடும் டெலிடைப் காலத்துப் பழக்கம். எஸ்டிடிஒய் மைனஸ் இக்ஸான் என்ற வரியை பாஷ்ஆர்சியில் போட்டால் இனி வராது.

சரி, அந்த விம்ல இருந்து வெளிய வர்றது எப்படி?

எஸ்கேப், முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். எழுதியதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஆச்சரியக்குறி வேண்டாம், க்யூவுக்கு முன்னால் டபிள்யூ. அடுத்த கேள்வி.

விஐ திறந்து ஆரோ கீ அழுத்தினா ஏ, பி, சி, டி-ன்னு எழுத்து விழுது.

உபுண்டுவில் முதலில் இருப்பது முழு விம் இல்லை, விம் டைனி என்ற குட்டிப் பதிப்பு. அது பழைய விஐ போலவே நடந்துகொள்கிறது, பில் ஜாய் 1976இல் எழுதத் தொடங்கிய அந்த விஐ. நீங்கள் என்ன செட்டிங் போட்டாலும் கலர் முதலான பல வசதிகள் அதில் கிடையாது. ஆப்ட் வழியாக முழு விம்மை நிறுவுங்கள்.

விம் நல்லாதான் இருந்துச்சு. விம்ஆர்சினு ஒரு ஃபைல் உண்டாக்கி ஒரே ஒரு வரி போட்டேன், கலர் எல்லாம் போயிடுச்சு!

இதில் பழைய ஆட்களே மாட்டுவார்கள். 2016இல் வந்த விம் 8 முதல், உங்களிடம் விம்ஆர்சி இல்லையென்றால் விம் தானாகவே டீஃபால்ட்ஸ் விம் என்ற ஃபைலைப் படித்து கலர், மவுஸ் எல்லாம் போட்டுக் கொடுக்கும். நீங்கள் ஒரு விம்ஆர்சி வைத்தவுடன், அது காலியாக இருந்தாலும், ‘இவருக்குத் தெரியும், அவரே பார்த்துக்கொள்வார்’ என்று அதை விட்டுவிடும். உங்கள் ஃபைலின் முதல் வரியில் அந்த டீஃபால்ட்ஸ் ஃபைலை சோர்ஸ் செய்யுங்கள், டாலர் விம்ரன்டைம் ஃபோல்டருக்குள் இருக்கிறது, பழையபடி ஆகிவிடும். நியோவிம்மில் இந்தத் தொல்லை இல்லை.

டேப் 4 இடைவெளியா வரணும்னு போட்டும் சில ஃபைல்ல 8 வருது, எவன் மாத்துறான்?

விம்மிடமே கேளுங்கள். முக்காற்புள்ளி போட்டு, வெர்போஸ் செட் டேப்ஸ்டாப் கேள்விக்குறி என்று அடித்தால் இப்போதைய மதிப்பையும், கடைசியாக எந்த ஃபைல் அதை மாற்றியது என்பதையும் காட்டும். பெரும்பாலும் அந்த மொழிக்கான ஃபைல்டைப் பிளகினாக இருக்கும். எதுவும் பிடிபடவில்லையென்றால் விம்மை மைனஸ் மைனஸ் க்ளீன் போட்டுத் திறந்து பாருங்கள், உங்கள் செட்டிங்ஸ் இல்லாமல் வரும். அங்கேயும் தொல்லை இருந்தால் தப்பு உங்களுடையது இல்லை.

டேப்ஸ்டாப், ஷிஃப்ட்விட்த், எக்ஸ்பாண்ட்டேப் மூன்றையும் சேர்த்தே வையுங்கள். மேக்ஃபைலில் மட்டும் எக்ஸ்பாண்ட்டேப் கூடாது, அதற்கு உண்மையான டேப்தான் வேண்டும், இடைவெளி வைத்தால் அதைப் படிக்கும் மேக் கமாண்ட் ஓடவே ஓடாது.

தமிழ்ல டைப் பண்ணும்போது விம் கமாண்ட் எதுவும் வேலை செய்யலை.

தமிழ்99 விசைப்பலகையில் விம் நகரும் நான்கு விசைகளும், அதாவது ஹெச், ஜே, கே, எல், முறையே க, ப, ம, த ஆகிவிடுகின்றன. எஸ்கேப் அழுத்திவிட்டுக் கீழே போக ஜே தட்டினால் விம்முக்கு ‘ப’ போகிறது. அதற்கு என்ன செய்வது என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்வது ஒரு வழி, அரைமணி நேரத்தில் வெறுத்துவிடும்.

சிஸ்டம் விசைப்பலகையை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, விம்மின் கீமேப் வசதியைப் பயன்படுத்துவதுதான் சரியான வழி. அது எழுதும் நிலையில் மட்டும் தமிழாக்கும், எஸ்கேப் அழுத்தினால் தானாகவே ஆங்கிலம், கன்ட்ரோல் + 6 அடித்தால் நடுவிலும் மாற்றிக்கொள்ளலாம். விம்மோடு வரும் டிஸ்கி கீமேப் பழைய எழுத்துக் குறியாக்கத்துக்கானது, யூனிகோடில் எழுத உதவாது. ஹோமில் புள்ளி விம் ஃபோல்டருக்குள் கீமேப் என்று ஒரு ஃபோல்டர் வைத்து, ஹெச் என்றால் க, ஹெச் க்யூ என்றால் கா என்று நீங்களே வரிசையாக எழுதிக்கொள்ளலாம். உயிர்மெய் எல்லாவற்றையும் கையால் அடிக்காதீர்கள், பத்து வரி பைத்தானில் பட்டியலை உண்டாக்கிவிடலாம்.

பல டெர்மினல்களில் கொம்பும் காலும் தள்ளி நிற்கும், கர்சர் ஒரு எழுத்து பிசகும். எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற கணக்கில் டெர்மினல்கள் இயங்குவதால் வருவது இது, விம் செட்டிங்கில் தீராது. நீளமாகத் தமிழ் எழுதுவதென்றால் டெர்மினலுக்கு வெளியே ஓடும் சாதாரண எடிட்டர் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள்.

கிட் கமிட் அடிச்சா நேனோ வருது, விஎஸ்கோட் வரணும். மாத்தினா காலி மெசேஜ்னு சொல்லி நிக்குது.

கிட் கான்ஃபிக்கில் கோர் எடிட்டருக்கு கோட் என்று மட்டும் கொடுத்திருப்பீர்கள். விஎஸ்கோட் விண்டோவைத் திறந்த கையோடு ‘முடிந்தது’ என்று திரும்பிவிடும், கிட் எட்டிப் பார்த்தால் மெசேஜ் காலி. கோட் மைனஸ் மைனஸ் வெயிட் என்று கொடுங்கள், டேபை மூடும்வரை காத்திருக்கும். க்ரான்டேப், சூடோஎடிட் முதலியவற்றுக்கும் சேர்த்து மாற்ற, எடிட்டர் என்ற வேரியபிளை ப்ரொஃபைலில் வையுங்கள்.

வெப்சைட்ல இருந்து காப்பி பண்ணி ஒட்டின ஏலியாஸ் வேலை செய்யலை, எழுத்துக்கு எழுத்து சரியாதான் இருக்கு.

மேற்கோள் குறியைப் பாருங்கள். சில தளங்கள் நேர்க் குறியை வளைந்த குறியாக மாற்றிவிடும், ஷெல்லுக்கு அது மேற்கோளே இல்லை. அழித்துவிட்டு விசைப்பலகையில் அடியுங்கள். ஃபைலை விண்டோஸ் நோட்பேடில் புதிதாக உண்டாக்கியிருந்தால் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு ரிட்டர்ன் எழுத்து இருக்கும், டாஸ்2யூனிக்ஸ் அதை நீக்கிவிடும். டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் வசதி) வைத்திருப்பவர்களுக்கு இது தினசரி.

டெர்மினல் திறக்கவே ரெண்டு செகண்ட் ஆகுது. ஜீஷெல், ஃபிஷ்னு மாறிடலாமா?

முதலில் அளந்து பாருங்கள்: டைம் பாஷ் மைனஸ் ஐ மைனஸ் சி எக்ஸிட். பாஷ் சும்மா கிடந்தால் கண் இமைக்கும் நேரம்தான் ஆகும். நேரத்தை விழுங்குவது பெரும்பாலும் என்விஎம், காண்டா போன்ற நிறுவல் கருவிகள் பாஷ்ஆர்சியின் கடைசியில் ஒட்டிவிட்டுப் போன வரிகள். ஒவ்வொன்றாக கமெண்ட் செய்து பாருங்கள், ஆள் சிக்கிவிடுவார். ஜீஷெல்லுக்கான ஓ மை ஜீஷெல் என்ற செட்டிங்ஸ் தொகுப்பில் இருபது பிளகின் போட்டால் ஜீஷெல்லும் இதே கதிதான்.

ஃபிஷ் நல்ல ஷெல், எதையும் செட் செய்யாமலே பரிந்துரை, கலர் எல்லாம் வரும். ஆனால் அதன் மொழி வேறு, உங்கள் பாஷ்ஆர்சியை அப்படியே தூக்கிப் போட்டால் ஓடாது. மாறுவதென்றால் சிஹெச்எஸ்ஹெச், அடுத்த லாகினில்தான் தெரியும். ரூட்டின் ஷெல்லை மட்டும் மாற்றவேண்டாம். அந்த ஷெல் என்றைக்காவது உடைந்தால் சரி செய்ய உள்ளே போவது பெரும்பாடாகிவிடும்.

இதையெல்லாம் கிட்ல போட்டு வைக்கலாமா?

போடுங்கள். தனி ஃபோல்டரில் வைத்து, ஜிஎன்யூ ஸ்டோ மூலம் ஹோமுக்கு சிம்லிங்க் கொடுத்தால் போதும். ஹோம் முழுவதையும் ஆட் செய்யாதீர்கள், எஸ்எஸ்ஹெச் சாவியும் பாஷ் ஹிஸ்டரியும் சேர்ந்து போய்விடும். டோக்கன்களைத் தனி ஃபைலில் வைத்து, இருந்தால் மட்டும் சோர்ஸ் செய்யும்படி எழுதி, அந்த ஃபைலை கிட்இக்னோரில் சேருங்கள். ஒருமுறை புஷ் ஆன டோக்கனை அடுத்த கமிட்டில் அழித்துப் பயனில்லை, அதை ரத்து செய்துவிட்டுப் புதிது வாங்கவேண்டும்.

ஆபீஸ் சர்வர்ல எல்லாருக்கும் ஒரே யூசர்தான். அங்க என் செட்டிங்ஸ் எப்படி வைக்கிறது?

அந்த யூசரின் பாஷ்ஆர்சியைத் தொடாதீர்கள். நீங்கள் போட்ட எல்எஸ் ஏலியாஸ் இரவு இரண்டு மணிக்கு இன்னொருவர் அவசரமாக ஏதோ பார்க்கும்போது வேறு மாதிரி காட்டும், காலையில் உங்களைத் தேடி வருவார். உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, உங்கள் ஃபைல்களை அதில் வைத்து, உள்ளே வந்ததும் பாஷ் மைனஸ் மைனஸ் ஆர்சிஃபைல் என்று அடித்து அந்த ஃபைலின் பெயரைக் கொடுங்கள். விம்முக்கு மைனஸ் யூ. விம் வரியை அந்த ஆர்சிஃபைலுக்குள்ளேயே ஏலியாஸாக வைத்துக்கொண்டால் விம்முக்குத் தனியாக அடிக்க வேண்டியதில்லை. அந்த ஆர்சிஃபைலில் ஹிஸ்ட்ஃபைல் வேரியபிளையும் உங்கள் ஃபோல்டருக்குத் திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் எல்லார் கமாண்டும் ஒரே ஹிஸ்டரியில் கலந்துகிடக்கும்.